திருப்பிச் சொல்

பீட்டர்மாரிட்ஸ்பர்கில் ஜூலை.
பள்ளத்தாக்கில் பனி குந்தியிருக்கிறது.
மின்வெட்டு நேரம்.
ஆய்வுக்கூடத்துச் சன்னலுக்கு வெளியே
ஜெனரேட்டர் இருமுகிறது;
அதற்காவது காரணம் டீசல்.

ஊதா மூடிக் குழாய்.
மஞ்சள் மூடி.
நீல மூடி, கோடுவரை நிறைந்திருக்க வேண்டும்,
குறைந்தால் திருப்பியனுப்புவேன்.
யார் நரம்பில் இன்னொரு குத்து என்று
நினைத்துப் பார்ப்பதில்லை.
பார்த்தால் வேலை ஓடாது.

எனக்கு முகம் வராது.
பெயர் வரும், வயது வரும், வார்டு வரும்.
பூபாலன் நாயக்கர், நாற்பத்தாறு, வார்டு ஏழு.
படிவத்தின் ஓரத்தில் கோழிக்கிறுக்கலாக:
நடக்கிறார், பேசுகிறார்.

இயந்திரத்துக்கு அவர் பேசுவது கேட்காது.
சிஆர்பி இருநூற்று நாற்பது.
ஃபெரிட்டின் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.
டி-டைமர் ஆறு புள்ளி எட்டு.
லிம்போசைட் புள்ளி நான்கு.
உள்ளே கூப்பாடு உச்சத்தில்,
காவலுக்கு நின்றவர்களில் பாதிப்பேரைக் காணோம்.

பக்கத்தில் இயல்பு என்று ஓர் எல்லை அச்சாகியிருக்கும்.
எந்தக் குளிர்நாட்டுத் திடகாத்திரர்களை
வரிசையில் நிறுத்தி அளந்தார்களோ.
ரெய்ஸ்தோர்ப் தெருவில் யாரையும் கேட்டதாக நினைவில்லை.
ஆனாலும் இருநூற்று நாற்பது
எந்த நாட்டு எல்லைக்கும் வெளியேதான்.

அபாய எண்ணைத் தொலைபேசியில் சொல்ல வேண்டும்.
கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.
அது விதி.
டாக்டர் ம்கீசே திருப்பிச் சொன்னார்,
எண்ணுக்கு எண் குரல் இறங்கிக்கொண்டே.
பிறகு, விதியில் இல்லாதது:
"என் எதிரில் உட்கார்ந்து டோஸ்ட் தின்கிறாரே,
போனுக்குச் சார்ஜர் கேட்கிறாரே."

அதே தட்டில் ஸோண்டி அம்மையார், எழுபத்தொன்று.
மூச்சு விசிலடிக்கிறதாம்,
தாதி மகனுக்குத் தகவல் சொல்லியாகிவிட்டதாம்.
அவர் ரத்தமோ
ஞாயிற்றுக்கிழமைக் கடைத்தெரு.
சிஆர்பி பத்தொன்பது.
இரண்டு முறை ஓட்டினேன், பெயர் மாறியிருக்குமோ என்று.
மாறவில்லை.

மூன்றாம் நாள் பூபாலனின் சீட்டில்
வார்டு ஏழு போய் ஐசியு வந்தது.
ஆறாம் நாள் இருவர் குழாயும் வரவில்லை.

குழாய் வராவிட்டால் இங்கே பொருள் இரண்டு:
முன்வாசல், பின்வாசல்.
கேட்டால் சொல்வார்கள். கேட்பதில்லை.
எண் சொன்னபடி நடந்திருந்தால் மகிழ்வேனா?
நடக்காதிருந்தால்
இயந்திரத்தைத் திறந்து பழுது பார்ப்பேனா?
ஜோசியர் பரவாயில்லை,
பரிகாரமும் சேர்த்துச் சொல்வார்.

பதினோராம் நாள்
என் காப்பிக்கு மணம் இல்லை.

தண்டேகா குத்தினாள்,
முகக்கவசத்துக்கு மேல் என் கண்ணைப் பாராமல்.
நீல மூடியை ஒழுங்காகக் கோடுவரை நிரப்பினாள்.
வீட்டுக்குப் போ என்றாள்.
நான் போகவில்லை.
வண்டிக்குள் கண்ணாடி ஏற்றி உட்கார்ந்திருந்தேன்.
விடியற்கால டாக்ஸிகள் ஹாரன் அடித்து
ஆள் பொறுக்கிப் போயின.
போனில் ஏழு சதவீதம்.
எனக்கும் அப்போது
சார்ஜர்தான் ஞாபகம் வந்தது.

அவள் அழைத்தபோது பேசவில்லை; வாசித்தாள்,
ஏதோ ஒரு வார்டுக்கு வாசிப்பதுபோல.
சிஆர்பி முப்பத்தெட்டு.
முப்பத்தெட்டு, என்றேன்.
லிம்போசைட் ஒன்று புள்ளி ஒன்று.
ஒன்று புள்ளி ஒன்று.
டி-டைமர் புள்ளி ஆறு.
புள்ளி ஆறு.
பயப்படவும் பத்தாது, தூங்கவும் பத்தாது.
அவளிடமும் இதற்கு ஒரு வார்த்தை இல்லை.
பனிக்குள் யாரோ ஒருவருடைய எண்களை
நான் தெளிவாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"கேட்டுக்கொண்டவர் பெயர்?"
அதுவும் விதி.
மோகாம்பரி, என்றேன்.
மோகாம்பரி படையாச்சி.
அவள் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.
அடுத்து வார்டு எது என்று கேட்க வேண்டும்.
கேட்காமல் வைத்துவிட்டாள்.